வெங்காயம், சின்ன வெங்காயம், உருளை: நடறது ஈஸி, கெடாம வெக்கிறதுதான் மேட்டர்

இந்த மூணையும் புதுசா வளக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எப்படி நடணும்"ங்கறதுதான். நடறது பெரிய வேலையே இல்லங்க. பிரச்சனை வர்றது அறுவடைக்கு அப்புறம். ஆசையா பிடுங்கி, ஒரு மூலையில குவிச்சு வெச்சா மூணே வாரத்துல பாதி அழுகி பாதி முளைச்சு நிக்கும், உடனே வெச்ச இடம் சரியில்ல, கூடை சரியில்லன்னு பேசுவோம். ஆனா ஒரு வெங்காயம் எத்தனை மாசம் தாங்கும்ங்கறது அது மண்ணுல இருக்குற கடைசி மூணு வாரமும், வெளிய எடுத்து காய வெக்கிற அடுத்த மூணு வாரமும் சேர்ந்து முடிவு பண்ற விஷயம். உருளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால இதுல நடவு பத்தி தேவையான அளவு சொல்லிட்டு, தண்ணி நிறுத்துறது, காய வெக்கிறது, சேமிக்கிறது இதையெல்லாம் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன்.

முதல்ல எது என்னன்னு தெரிஞ்சுக்கங்க

வெங்காயம் வேரும் இல்ல கிழங்கும் இல்ல, இலையோட அடிப்பாகம். குறுக்க வெட்டினா தெரியுற வளையம் ஒவ்வொண்ணும் ஒரு இலையோட அடி, தண்ணியும் சத்தும் சேத்து வெச்சு தடிச்சு போனது. அப்போ காய் திரள ஆரம்பிக்கிறதுக்குள்ள செடியில எவ்ளோ இலை வந்திருக்கோ அதுக்கு ஏத்த மாதிரிதான் சைஸ். சின்ன வெங்காயமும் அதே இனம்தான், ஆனா ஒண்ணே பெருசாகாம பக்கத்துல பக்கத்துல பிரிஞ்சு கொத்தா வரும்.

உருளை அப்படி இல்ல. அது மண்ணுக்குள்ள இருக்குற தண்டு. மேல இருக்குற கண்ணு எல்லாம் மொட்டு. தண்டுங்கறதால வெளிச்சம் பட்டா பச்சையாகும், அதனால நட்ட நாள்லேர்ந்து சமையல் வரைக்கும் அத இருட்டுல வெக்கணும். வெங்காயத்துக்கு காத்தும் காஞ்ச சூழலும், உருளைக்கு இருட்டும் லேசான ஈரக்காத்தும். இத ஞாபகம் வெச்சுக்கிட்டாலே கீழ சொல்லப்போறதுல பாதி உங்களுக்கே தோணிடும்.

பெரிய வெங்காயம்: விதை வாங்குறப்பவே கவனம் வேணும்

நிறைய பேருக்கு தெரியாத விஷயம், வெங்காயம் பகல் நீளத்தை பாத்துதான் காய் திரளவே ஆரம்பிக்கும். குறும்பகல் ரகத்துக்கு 10லேர்ந்து 12 மணி நேர பகல் போதும், நடுத்தர ரகத்துக்கு 12லேர்ந்து 14, நெடும்பகல் ரகத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல வேணும். பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்குறவங்க நெடும்பகல் ரகத்தை போட்டா எவ்ளோ உரம் போட்டாலும் தாள் (மேல வர்ற பச்சை இலை) மட்டும்தான் வளரும், காய் வராது. அதே மாதிரி ரொம்ப வடக்க இருக்குறவங்க வசந்தகாலத்துல குறும்பகல் ரகத்தை போட்டா செடி சின்னதா இருக்கும்போதே பகல் நீண்டுடும், கோலிகுண்டு சைஸ்லயே காய் முத்திடும். "என் மண்ணு சரியில்ல போல"ன்னு நினைக்கிற நிறைய கேஸ் உண்மையில ரகம் மாறின கேஸ்தான். பாக்கெட்ல போட்டிருக்கும், படிச்சிட்டு வாங்குங்க.

வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி. போன வருஷத்து விதை பரவால்ல, ரெண்டு வருஷம் தாண்டினா நம்பாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு 20 விதைய ஈர டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு டப்பாவுல போட்டு வெச்சு பாருங்க, 10 நாள்ல பாதிகூட முளைக்கலன்னா புதுசா வாங்கிடலாம்.

இன்னொண்ணு. கிச்சன்ல முளைச்ச பெரிய வெங்காயத்தை நட்டா புது வெங்காயம் வருமான்னு கேப்பாங்க. தாள் நல்லா வரும், வெட்டி வெட்டி சமையலுக்கு எடுத்துக்கலாம். ஆனா வெங்காயம் இருபருவ செடி, முதல் பருவத்துல காய், அடுத்த பருவத்துல பூ விதை. நீங்க நடறது முதல் பருவத்தை முடிச்சுட்டு வந்த வெங்காயம், அதனால அது பூத்தண்டு விட்டு விதை வெக்கத்தான் பாக்கும். உள்ள ரெண்டா மூணா பிரிஞ்சு சுமாரா ஏதாவது கிடைக்கலாம், அத நம்பி தொட்டிய நிரப்ப வேணாம்.

நாத்து விடறது சிம்பிள். ட்ரேல மண்ணும் மக்குன உரமும் கலந்து நிரப்பி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல ஆழம் போகாம விதைய தூவி மூடி, ஈரம் காயாம பாத்துக்கங்க. 20-25 டிகிரி இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல முளைக்கும், முதல்ல ஊசிய மடிச்ச மாதிரி வளைஞ்சு வெளிய வந்து அப்புறம் நிமிரும். 6லேர்ந்து 8 வாரத்துல, தண்டு பென்சில்ல பாதி தடிமன் வந்ததும் எடுத்து நடலாம். செடிக்கு செடி 10 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 15-20. ஆழமா புதைக்காதீங்க, வேரும் அதுக்கு மேல ஒரு விரல் அளவும் மண்ணுக்குள்ள போனா போதும். வேர் மேலாகவே ஓடுறதால 20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியே தாராளம், ஆனா கீழ ஓட்டை இருக்கணும், தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழணும்.

வளரும்போது கவனிக்க வேண்டியதுல முதலிடம் களைக்கு. வெங்காய இலை குச்சி மாதிரி நேரா நிக்கும், மண்ணுல நிழலே விழாது, அதனால களைக்கு கொண்டாட்டம். கையாலயே பிடுங்கிடுங்க, ஆழமா கொத்தினா வெங்காய வேரும் சேர்ந்து போயிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரமெல்லாம் ஆரம்பத்துல மட்டும்தான், அடிப்பக்கம் பருக்க ஆரம்பிச்சதும் நிறுத்திடணும். லேட்டா தழைச்சத்து கொடுத்தா கழுத்து தடியா போயிடும், தடிக் கழுத்து காயவே காயாது, காயாத கழுத்து வழியாத்தான் அழுகல் உள்ள போகும். பாருங்க, சேமிப்பு பிரச்சனை இங்கயே ஆரம்பிச்சாச்சு.

காய் பாதி வெளிய தெரியுதேன்னு பாசத்துல மண்ணை அணைக்கிறவங்க இருக்காங்க. வேணாம். வெங்காயம் பாதி வெளிய உக்காந்திருக்குறதுதான் சரி. மண் அணைக்கிற வேலை எல்லாம் உருளைக்கு.

இலையில வெள்ளி கலர்ல கீறல் கீறலா தெரிஞ்சா அது இலைப்பேன், குருத்து இடுக்குல ஒளிஞ்சிருக்கும், கண்ணுக்கு லேசுல தெரியாது. இலைய விரிச்சு பிடிச்சு அந்த இடுக்குல தண்ணிய பீச்சி அடிச்சா வீட்டு அளவுக்கு நல்லாவே குறையும், காலையில அடிங்க, சாயங்காலத்துக்குள்ள இலை காஞ்சிடும். மத்தபடி தினசரி தண்ணி எப்பவும் வேர்ப்பக்கம்தான். ராத்திரி முழுக்க ஈரமா நிக்கிற இலையில ஊதா நிறப் புள்ளி நோய் ஈஸியா வரும்.

நடுவுல ஏதாவது செடி பூத்தண்டு விட்டா (குளிர் வெயில் மாறி மாறி அடிச்சா விடும்) அத உடைச்சிட்டு அந்த வெங்காயத்தை முதல்ல சமைச்சுடுங்க. நடுவுல கட்டியா தண்டு ஓடியிருக்கும், சேமிப்புக்கு ஆகாது.

சின்ன வெங்காயம்: புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுலேர்ந்து தொடங்குங்க

மூணுல எனக்கு கேட்டா இதுதான் பெஸ்ட் ஸ்டார்ட். விதை, நாத்து எதுவும் வேணாம், காயையே நடலாம். கைக்கு கெட்டியா, பூஞ்சை இல்லாம, லேசா முளை எட்டிப் பாக்குற காயா எடுத்து, வேர்ப்பக்கம் கீழ, நுனி மண் மட்டத்துல தெரியுற மாதிரி அழுத்தி வெக்கணும். முழுசா புதைச்சா மழை வந்தா அழுகிடும். 10-15 சென்டிமீட்டர் இடைவெளி. முதல் வாரம் வேர் விடும்போது காய் தானா மேல எழும்பி சாஞ்சு கிடக்கும், பறவையும் சில சமயம் இழுத்து போடும். பிடிச்சு திருப்பி ஊனி விடுங்க, அவ்ளோதான்.

ஒரு காய் நட்டா நாலஞ்சுலேர்ந்து பத்து வரைக்கும் கொத்தா வரும். ரகத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து 65லேர்ந்து 90 நாள், குளிர் பிரதேசமா இருந்தா இன்னும் கூட ஆகும். மத்த கவனிப்பு எல்லாம் பெரிய வெங்காயத்துக்கு சொன்னதேதான்.

உருளை: குளிர்ந்த ராத்திரி இருந்தா பாதி வேலை முடிஞ்சது

உருளை செடி சூட்டுலயும் வளரும், ஆனா கிழங்கு வெக்காது. கிழங்கு இறங்க 15-20 டிகிரி மண் சூடு சுகம், ராத்திரி 20 டிகிரிக்கு மேலயே இருந்தா இலை காடு மாதிரி இருக்கும், தோண்டினா ஒண்ணும் இருக்காது. அதனால உங்க ஊர்ல எது குளிர்ந்த மாசமோ அதுல கிழங்கு இறங்குற மாதிரி நடவு தேதிய வெச்சுக்கங்க. நட்டு 5-6 வாரத்துல கிழங்கு கட்ட ஆரம்பிக்கும்னு வெச்சு பின்னாடி எண்ணினா கணக்கு வந்துடும்.

சமையலுக்கு வாங்குன கிழங்கை நடலாமான்னா, நடலாம், முளைச்சா வளரும். ஆனா சேமிப்புக்காக முளை தடுப்பு மருந்து அடிச்சதா இருந்தா முளைக்காமயே சுருங்கும், வைரஸ் இருந்தாலும் வெளிய தெரியாது. ஒரு தொட்டி ட்ரை பண்ண ஓகே, பாத்தி பாத்தியா போடறதா இருந்தா நோயில்லாத விதைக்கிழங்கா வாங்கிடுங்க.

நடறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி முளை கட்ட வெக்கணும். முட்டை ட்ரேல, கண்ணு அதிகமா இருக்குற பக்கம் மேல பாக்குற மாதிரி நிக்க வெச்சு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்துல வையுங்க. இங்க மட்டும் வெளிச்சம் நல்லது. வெளிச்சத்துல வர்ற முளை குட்டையா, தடியா, பச்சை இல்ல ஊதா கலர்ல இருக்கும். இருட்டுல வர்றது வெள்ளையா நீளமா நூல் மாதிரி வந்து, நடும்போதே ஒடிஞ்சிடும். முளை ஒரு சென்டிமீட்டர் வந்ததும் நடலாம். முட்டை சைஸ் கிழங்கை முழுசா நடுங்க. பெருசா இருந்தா 40-50 கிராம் துண்டா, துண்டுக்கு ரெண்டு கண்ணாவது வர்ற மாதிரி வெட்டி, வெட்டுன பக்கம் காஞ்சு தோல் மாதிரி ஆகுற வரைக்கும் ரெண்டு மூணு நாள் நிழல்ல போட்டு வையுங்க. வெட்டுன உடனே ஈர மண்ணுல வெச்சா அழுகல்தான்.

ஆழம் 10-12 சென்டிமீட்டர், செடிக்கு செடி 30, வரிசைக்கு வரிசை 60-75. குரோ பேக்னா 40 லிட்டர் பையில ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு துண்டு. பையில மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு தொடங்கி, செடி 20 சென்டிமீட்டர் வந்ததும் பாதி தண்டு மூடுற வரைக்கும் மண்ணு அணைக்கணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடியும். அணைக்கிறது எதுக்குன்னா மேலாக இருக்குற கிழங்குல வெளிச்சம் படக்கூடாது. மண்ணை டவர் மாதிரி ஏத்திட்டே போனா மாடி மாடியா கிழங்கு வரும்னு வீடியோ எல்லாம் சுத்துது, பெரும்பாலான ரகத்துல அப்படி நடக்காது, விதைக்கிழங்குக்கு கொஞ்சம் மேல ஒரு பட்டை அளவு இடத்துலதான் கிழங்கு கட்டும். மண்ணு செலவுதான் மிச்சம்.

தண்ணி ஒரே சீரா போகணும். நாலு நாள் காய விட்டு அஞ்சாவது நாள் குளிப்பாட்டினா கிழங்கு வெடிக்கும், முண்டு முண்டா வரும், உள்ள பொள்ளலா இருக்கும். கிழங்கு கட்டுற சமயம் மண்ணு ரொம்ப காஞ்சா தோல்ல சொறி வரும், சுண்ணாம்பு போட்ட மண்ணுல இன்னும் ஜாஸ்தி. பூ வரலையேன்னு கவலைப்படாதீங்க, சில ரகம் பூக்காமயே கிழங்கு வெக்கும். பூத்து குட்டி பச்சைத் தக்காளி மாதிரி காய் பிடிச்சா அது விஷம், வீட்டுல குழந்தைங்க இருந்தா கிள்ளி போட்டுடுங்க.

குளிரும் ஈரமும் சேர்ந்து இருக்குற வாரத்துல இலையில கரும்பழுப்புத் திட்டு, அதோட அடியில வெள்ளையா பூஞ்சை மாதிரி தெரிஞ்சா அது பின்பருவ இலைக்கருகல். 1845ல அயர்லாந்துல பஞ்சம் ஆரம்பிச்சது இதே நோயாலதான், நாலஞ்சு நாள்ல தோட்டமே கருகிடும். அப்போ மேல இருக்குற தழைய முழுசா வெட்டி அப்புறப்படுத்திட்டு, ரெண்டு வாரம் கழிச்சு கிழங்கை எடுங்க. உடனே தோண்டினா இலையில இருக்குற நோய் கிழங்குலயும் ஒட்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் உருளையோட சொந்தக்காரங்க, அது இருந்த மண்ணுல மூணு வருஷத்துக்கு உருளை வேணாம், உருளை இருந்த மண்ணுல அதுகளும் வேணாம்.

வெங்காய அறுவடை: தண்ணிய நிறுத்தத் தெரியணும்

இப்போ மெயின் மேட்டருக்கு வந்தாச்சு. வெங்காயம் முத்துனதும் புது இலை வர்றது நின்னுடும், கழுத்துக்குள்ள ஒண்ணும் இல்லாம வெத்தாகி, தாள் பாரம் தாங்காம தானா சாயும். முதல் சில செடி சாய ஆரம்பிச்சதுமே தண்ணிய குறைங்க. பாதி செடி சாஞ்சதும் முழுசா நிறுத்துங்க. பச்சையா இருக்கே, பாவம், இன்னும் ஒரு தண்ணி விடலாம்னு கை அரிக்கும், விடாதீங்க. முத்தின வெங்காயத்துக்கு மறுபடி ஈரம் கிடைச்சா புது வேர் விடும், வெளித்தோல் வெடிக்கும், அது மூட்டைக்குள்ள போனாலும் தூங்காது, முளைக்கத்தான் பாக்கும். காலால மிதிச்சு தாளை சாய்க்கிற வேலையும் வேணாம், கழுத்து நசுங்கி அந்த காயம் வழியா அழுகும்.

முக்கால்வாசி சாஞ்சதும், மழை இல்லாத காஞ்ச நாளா பாத்து, கீழேர்ந்து மண்ணை நெகிழ்த்தி தூக்கணும். தூக்கிப் போடாதீங்க. விழுந்த அடி வெளிய தெரியாது, ஒரு மாசம் கழிச்சு உள்ள கொழகொழன்னு இருக்கும்போதுதான் தெரியும்.

தாளை வெட்டாம அப்படியே காத்தோட்டமான நிழல்ல ஒரே அடுக்கா பரப்பி ரெண்டு மூணு வாரம் காய விடுங்க. மிதமான வெயில்னா ஒரு ரெண்டு நாள் மண்ணுமேலயே விடலாம், ஒரு வரிசை காய் மேல அடுத்த வரிசையோட தாள் விழற மாதிரி வெச்சா வெயில் நேரா காயில படாது. கொளுத்துற வெயில்ல வெறும் காய் கிடந்தா வெந்து போயிடும். காஞ்சுதான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு: காய்க்கு மேல ஒட்டுனாப்ல இருக்குற கழுத்தை ரெண்டு விரலால பிடிச்சு உருட்டிப் பாருங்க. உள்ள ஏதோ வழுக்குற மாதிரி, ஈரமா நகர்ற மாதிரி இருந்தா இன்னும் ஒரு வாரம். பேப்பர் மாதிரி மொடமொடன்னு சத்தம் வந்து, ரெண்டு விரலும் கிட்டத்தட்ட ஒட்டிடுச்சுன்னா ரெடி. வேரும் தொட்டா நொறுங்கும். அப்புறம்தான் கத்தரி, கழுத்துல 2-3 சென்டிமீட்டர் விட்டு தாளை வெட்டுங்க.

வெட்டும்போதே பிரிச்சிடுங்க. தடிக் கழுத்து, ரெட்டைக் காய், பூத்தண்டு விட்டது, தோல் கழண்டது எல்லாம் தனிக் கூடை, அதான் இந்த மாச சமையல். மீதி நல்லது வலைப்பையிலயோ ஓட்டைக் கூடையிலயோ ரெண்டு மூணு அடுக்கா. பாலித்தீன் பை எமன். தாளோட வெச்சிருந்தா பின்னி தொங்கவும் விடலாம், காத்து நாலு பக்கமும் படும்.

எந்த சூட்டுல வெக்கணும்ங்கறதுல ஒரு விசித்திரம் இருக்கு. 0-4 டிகிரி குளிர்லயும் வெங்காயம் தூங்கும், 25-30 டிகிரி காஞ்ச சூட்டுலயும் தூங்கும், நடுவுல 10-20 டிகிரிலதான் வேகமா முளைக்கும். அதனால வெயில் பிரதேசத்துல இருக்குறவங்க ஜில்லுன்னு இடம் தேட வேணாம், காத்து வர்ற காஞ்ச இடம் போதும். வீட்டு ஃபிரிட்ஜ்ல ஈரம் ஜாஸ்தி, முழு வெங்காயத்துக்கு அது சரிவராது. காரமான, கெட்டியான, ஒல்லிக் கழுத்து ரகம் நல்லா காஞ்சிருந்தா 4-6 மாசம் நிக்கும். இனிப்பான, பெரிய, தண்ணிச்சத்து ரகம் ஒண்ணு ரெண்டு மாசம்தான், அதுல உங்க தப்பு எதுவும் இல்ல. சின்ன வெங்காயம் பொதுவா ரெண்டையும் விட நல்லா தாங்கும்.

உருளை அறுவடை

ரகத்தை பொறுத்து 70லேர்ந்து 120 நாள். இலை மஞ்சளாகி படுத்ததும் தண்ணிய நிறுத்தி, தண்டை தரையோட வெட்டிட்டு 10-14 நாள் கிழங்கை மண்ணுக்குள்ளயே விடுங்க. தோல் தடிக்கிறது இந்த ரெண்டு வாரத்துலதான். ஒண்ணை எடுத்து கட்டைவிரலால அழுத்தி தேய்ச்சு பாருங்க, தோல் உரிஞ்சு வந்தா அது புதுக்கிழங்கு, ருசியா இருக்கும் ஆனா சேமிக்க முடியாது, மீதிய இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. செடிக்கு தள்ளி நின்னு மண்ணு கிளர்ற முள்கரண்டிய இறக்குங்க, குத்துப்பட்டது எல்லாம் அன்னிக்கே சமையலுக்கு.

கழுவாதீங்க. மண்ணு காஞ்சு தானா உதிர்றது உதிரட்டும். வெங்காயத்தை காய வெச்சோம்ல, உருளைக்கு அதுக்கு நேர் எதிர்: இருட்டு, லேசான ஈரக்காத்து, 10-15 டிகிரி, ரெண்டு வாரம். அந்த ஈரத்துலதான் கீறல் எல்லாம் தக்கை மாதிரி தோல் மூடி ஆறும். அப்புறம் 5-8 டிகிரி இருட்டுல, பேப்பர் பையிலயோ சாக்குலயோ வெச்சா மாசக்கணக்குல நிக்கும். அவ்ளோ குளிர்ந்த இடம் இல்லாதவங்க ஒண்ணு ரெண்டு மாசத்துல தீர்ற அளவுக்கு மட்டும் வையுங்க, இல்லன்னா ஒரே நாள்ல மொத்தமா நடாம மூணு வாரம் விட்டு விட்டு நட்டீங்கன்னா அறுவடையும் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். ஃபிரிட்ஜ்ல ரொம்ப குளிர்ல வெச்சா மாவுச்சத்து சர்க்கரையா மாறி கிழங்கு இனிக்கும், பொரிச்சா சீக்கிரம் கருகும், உடம்புக்கு ஆகாத அக்ரிலமைடுங்கற பொருளும் கூடுதலா உருவாகும்.

பச்சையா மாறின கிழங்குல சோலனின்னு நச்சு சேர்ந்திருக்கும், வேகவெச்சாலும் போகாது. ஓரமா கொஞ்சம் பச்சைன்னா தாராளமா ஆழமா சீவி எறிஞ்சுட்டு மீதிய எடுத்துக்கலாம், பரவலா பச்சைன்னாலும் கசந்தாலும் முழுசா குப்பைக்கு. முளை விட்டது கெட்டியா இருந்தா முளையையும் கண்ணையும் தோண்டி எடுத்துட்டு சமைக்கலாம், சுருங்கி தொளதொளன்னு ஆயிட்டா வேணாம்.

ரெண்டையும் ஒரே கூடையில வெக்காதீங்க. உருளை விடுற ஈரத்துல வெங்காயம் முளைக்கும், அழுகும். பழுக்குற பழங்களையும் ரெண்டுக்கும் தள்ளியே வையுங்க. வாரம் ஒரு தடவை ரெண்டு கூடைக்கும் மூக்கை காட்டுங்க, அழுகின உருளை கண்ணுல படறதுக்கு முன்னாடி நாத்தத்துல மாட்டிக்கும். மாட்டினத எடுத்துட்டு அத தொட்டுட்டு இருந்த நாலையும் துடைச்சு முதல்ல சமைங்க.

அடுத்த தடவைக்கு விதை

சின்ன வெங்காயத்துல, சமைச்சது போக மிச்சம் கிடக்குற பொடிக் காய விதைக்கு வெக்காதீங்க. அறுவடை அன்னிக்கே நல்ல கொத்தா பாத்து, நோய் இல்லாத செடியோட காய தனியா எடுத்து தொங்கவிட்டுடுங்க. உருளையில சொந்த கிழங்கை ஒண்ணு ரெண்டு தடவை நடலாம், அதுக்கு மேல வைரஸ் சேர்ந்து விளைச்சல் குறையும், புதுசா விதைக்கிழங்கு வாங்கிடறது நல்லது. பெரிய வெங்காயத்துல விதை எடுக்கணும்னா நல்ல காய அடுத்த பருவத்துல நட்டு பூக்க விடணும், பக்கத்துல வேற ரகம் பூத்திருந்தா பூச்சி மூலமா கலந்துடும். அதனால ஒரே ரகம் மட்டும் பூக்குற மாதிரி பாத்துக்கங்க, கறுப்பு விதை தெரிய ஆரம்பிச்சதும் பூந்தலைய வெட்டி ஒரு பேப்பர் பையில தலைகீழா போட்டு வெச்சிட்டா விதை தானா உதிர்ந்துடும்.